சைலன்சர் வழியே போன உயிர்கள்

மனிதன் செத்தால் உயிர் எந்த வழியாகப் போகிறது என்று பெரிய படிப்பாளிகள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மூக்கு வழியாக என்றார்கள் சிலர். உச்சந்தலை வழியாக என்றார்கள் சிலர். அந்த நகரத்தில் மட்டும் இந்தச் சந்தேகம் தீர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. உயிர் சைலன்சர் வழியாகப் போகிறது. நீல நிறத்தில் போகிறது. போகும்போது லேசாகக் கருகிய எண்ணெய் வாடை அடிக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் புகையார். முன்பு அவருக்கு வேறு பெயர் இருந்தது. அது அவருக்கே மறந்திருக்கலாம். பேருந்து நிலைய வாசலில் எடை பார்க்கும் இயந்திரம் வைத்துப் பிழைத்தவர். வீட்டுக்கு வீடு அந்த இயந்திரம் வந்துவிட்ட பிறகு, உடம்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு உயிரைப் பார்க்க வந்துவிட்டார். அந்தத் தொழிலில் போட்டியும் இல்லை, சரிபார்க்க ஆளும் இல்லை.

கண்டுபிடிப்புக்கு உதவிய கருவி ஒரு பழைய டீசல் வேன். பிணம் ஏற்றுகிற வண்டி. பக்கவாட்டில் ‘கடைசிப் பயணம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அதை ஓட்டுகிறவனை எல்லோரும் ‘பயணம்’ என்றே கூப்பிட்டார்கள். சாதுவான மனிதன். பிணத்துக்குப் பயப்பட மாட்டான். பிணத்தோடு வருகிறவர்களுக்குத்தான் பயப்படுவான்.

ஒருநாள் ஒரு பெரிய மனிதர் வீட்டு வாசலில் வண்டி காலையிலிருந்து மதியம்வரை நின்றது. பெட்டியை ஏற்றினார்கள். பயணம் சாவியைத் திருப்பினான். பின்னால் குப்பென்று ஒரு நீலப் பந்து கிளம்பியது. துக்கம் கேட்க வந்த கூட்டத்தில் நின்றிருந்த எடை இயந்திரக்காரர் கையை உயர்த்தி, “அதோ போறாரு” என்றார். அவ்வளவுதான். இறந்தவரின் மனைவி புகையைப் பார்த்தாள், மயங்கி விழுந்தாள். அவளுக்கு மயக்கம் தெளிவதற்குள் புகையாருக்கு ஒரு தொழில் பிறந்துவிட்டது.

அதற்குப் பிறகு எந்தச் சாவு வீட்டிலும் அதே வண்டி, அதே புகை. இரண்டு மூன்று நிமிடம் ஓடியதும் புகை அடங்கிவிடும். “முழுசாப் போய்ச் சேர்ந்துட்டாரு” என்பார் புகையார். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தட்டில் காசு போடுவார்கள். புகையே விடாத புத்தம்புது வண்டி ஒன்றும் அந்த நகரத்தில் இருந்தது. அதைக் கூப்பிட ஆளில்லை. உயிர் வெளியே போக வழியில்லாத வண்டியில் யார் ஏறுவார்?

கூட்டம் பெருகியதும் புகையார் கடையை விரித்தார். ‘மறு அழைப்பு’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார். செத்தவரிடம் கேள்வி கேட்க வேண்டுமா? மோதிரம் எங்கே, யார் மேல் மனக்குறை, யார் துரோகி? வண்டியைச் சாயங்காலமே அந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். விடியும்வரை யாரும் அதைக் கிளப்பக் கூடாது. உயிர் திரும்பி வந்து உள்ளே குடியேற நேரம் வேண்டுமல்லவா. காலையில் வீட்டு ஆட்கள் வண்டிக்குப் பின்னால் நிற்க வேண்டும். யார் எங்கே நிற்பது என்று புகையார்தான் சொல்வார். பிறகு கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் முதுகைக் காட்டி நின்றுகொள்வார். கண்ணால் பார்த்தால் உயிர் கூச்சப்படுமாம். மூன்று தடவை கை தட்டுவார். பயணம் சாவியைத் திருப்புவான். புகை யாரைத் தொடுகிறது என்பதைப் புகையார் திரும்பாமலே சொல்வார்; தொடப்பட்டவர்தான் குற்றவாளி.

அடடா, கண்ணைக் கட்டிக்கொண்டே சொல்கிறாரே என்று ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். சைலன்சருக்கு நேர் எதிரே யாரை நிறுத்தினாரோ அவர்மேல்தான் ஒவ்வொரு தடவையும் புகை போனது என்பதை மட்டும் ஒருவரும் கவனிக்கவில்லை. பத்தடி தள்ளி நிற்கிறவர்மேல் கோபப்பட எந்த உயிருக்கும் தெம்பில்லை போலிருக்கிறது.

ஒரு வீட்டில் மோதிரத்தைக் காணோம் என்று மறு அழைப்பு வைத்தார்கள். புகை வேலைக்காரப் பெண்ணைத் தொட்டது. அன்றே அவளை விரட்டினார்கள். மறுவாரம் மோதிரம் சோப்புப் பெட்டிக்கு அடியில் கிடைத்தது. உடனே ஜனங்களுக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? உயிரே மனமிரங்கித் திருப்பி வைத்துவிட்டது என்று சொல்லி இன்னொரு தடவை தட்டில் போட்டார்கள்.

இதையெல்லாம் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பயணம் நம்பினானா? முக்கால்வாசி நம்பினான். மீதிக் கால்வாசிக்கு அவனுடைய அண்ணிதான் பொறுப்பு.

அண்ணி என்றால் கூடப் பிறந்த அண்ணனின் மனைவி. பட்டறை அவளுடையது. அவள் இன்ஜின் பார்ப்பாள். அண்ணன் அவளுக்கு டீ வாங்கி வருவான். வீடு ஒழுங்காக நடந்தது. இரண்டு வருடமாக அவள் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்: வண்டிக்கு வால்வு சீல் போய்விட்டது, ஒருநாள் கொண்டுவந்து விடு, மாற்றித் தருகிறேன்.

“இல்ல அண்ணி, அது வேற விஷயம்” என்பான் பயணம்.

“என்ன வேற விஷயம்? எவ்வளவு ஆயில் ஊத்துற?”

வாரத்துக்கு ஒரு லிட்டர் என்றான். எங்கேயும் ஒழுகவில்லை, தரையில் ஒரு சொட்டு இல்லை, ஆனால் குறைகிறது. உயிர்கள் தாகத்துக்குக் குடிக்கின்றன என்று புகையார் சொன்னதையும் தயங்கித் தயங்கிச் சொன்னான். வாரம் ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில் குடிக்கிற உயிர், மனிதனாக இருந்தபோது என்னவெல்லாம் குடித்திருக்கும் என்று அண்ணி கேட்டாள். பிறகு ஒரு யோசனை சொன்னாள். சவாரி இல்லாத நாளில் வண்டியைக் காலியாக வீட்டு வாசலில் நிறுத்து. மறுநாள் காலையில் கிளப்பு. புகை வருகிறதா பார்.

பயணம் அப்படியே செய்தான். புகை வந்தது. மூச்சிரைக்க ஓடிவந்து அண்ணியிடம் சொன்னான்.

“சரி, அது யார் உயிரு?” என்று கேட்டாள் அண்ணி.

பயணம் யோசித்தான். “முன்னாடி ஏத்துனவங்களோடது கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும்.”

அண்ணி ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். டீ வாங்கி வந்த அண்ணனும் என்ன ஏது என்று கேட்காமலே கூடச் சிரித்தான். பயணம் கோபித்துக்கொண்டு போய்விட்டான். வண்டிக்குச் சவாரி குவிந்துகொண்டிருந்த நேரம். புகையை நிறுத்த அவனுக்கும் மனசில்லை. அதைத் தன்னிடம்கூட அவன் ஒத்துக்கொண்டதில்லை.

அப்படியே காலம் போயிருக்கும். ஆனால் புகை அவன் வீட்டுப் பக்கமே திரும்பியது.

பயணத்துக்கு ஒரு தங்கை. தையல்காரி. மாமியார் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். கணவனுக்குக் கடல் கடந்த வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவான், இரண்டு பெட்டியும் ஒரு சளியுமாக. படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரை இரண்டு வருடம் புரட்டிப் போட்டு, துடைத்து, மருந்து கொடுத்துப் பார்த்தவள் அவள்தான். மூன்று வாரத்துக்கு முன் அந்த அம்மாள் தூக்கத்திலேயே போய்விட்டாள். மருத்துவர் வந்து பார்த்து, வயசும் இதயமும்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்தார்.

தங்கையின் கணவனுக்கு ஓர் அண்ணன் உண்டு. வேறு தெருவில் குடியிருப்பவர். தாய் படுத்திருந்தபோது எட்டிப் பார்க்காதவருக்கு, தாய் போன பிறகு அந்த முன்னறை கண்ணில் பட்டது. கடைத்தெருவைப் பார்த்த அறை. கைபேசிக் கடைக்காரன் ஒருவன் வாடகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தான். உடனே மூத்தவருக்குத் தாய்ப்பாசம் பொங்கியது. தையல்காரி மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டாளோ என்று அங்கே ஒருவரிடம் இழுத்தார், இங்கே ஒருவரிடம் இழுத்தார். பத்தே நாளில் தெருவே இழுக்கத் தொடங்கியது.

“அம்மாவையே கூப்பிட்டுக் கேட்டுடுவோம்” என்றார் மூத்தவர். தெருக்காரர்கள் முன்னால் பேசி முடித்தார்கள். புகை இளைய மருமகளைத் தொட்டால் அன்றைக்கே மெஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். தொடாவிட்டால் அவள் இருக்கலாம். கணவன் தொலைபேசியில், அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றான். அவ்வளவு தூரத்திலிருந்து பேசினாலும் முதுகெலும்பு இல்லாதது தெளிவாகக் கேட்டது.

பயணத்துக்குச் செய்தி வந்தது, வண்டி வேண்டும் என்று. தங்கையைப் பார்க்கப் போனான். அவள் ஒரு பள்ளிச் சீருடைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

“அண்ணா, உன் வண்டிதானே. நீயே சொல்லு, புகை என் மேல வருமா?”

 அவளை எங்கே நிறுத்துவார்கள் என்று பயணத்துக்குத் தெரியும். இரண்டு வருடம் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தவன் அல்லவா. வேலைக்காரப் பெண்ணின் முகத்தைக்கூட அந்தக் கண்ணாடியில்தான் பார்த்தான். சாவியைத் திருப்பியது அவன் கை. முக்கால்வாசி நம்பிக்கை அந்த இடத்திலேயே கழன்று விழுந்தது. சொந்தத் தங்கை சைலன்சருக்கு நேரே நிற்கும்போதுதான் சில பேருக்குச் சைலன்சர் சைலன்சராகத் தெரிகிறது.

மறு அழைப்புக்கு முந்தின நாள் காலையில் வண்டி அண்ணியின் பட்டறையில் நின்றது.

“என்ன கொழுந்தனாரே, உயிருக்கெல்லாம் உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள் அண்ணி. அவன் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினாள். யாரிடமும் மூச்சு விடாதே என்றாள். சொன்னால் நம்ப மாட்டார்கள், பார்க்கட்டும்.

இன்ஜின் மேல்மூடியைக் கழற்றினாள். உள்ளே எட்டு வால்வுகள். ஒவ்வொன்றும் நீளக் காம்பு வைத்த காளான் மாதிரி. காம்பின்மேல் ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்கு அடியில், காம்பைச் சுற்றி, விரல் நுனி அளவுக்கு ஒரு ரப்பர்த் தொப்பி. அதுதான் சீல்.

“மேல பூரா எண்ணெய் நிக்கும். அது காம்பு வழியா உள்ள இறங்காமத் தடுக்குறது இந்தத் தொப்பிதான். இது காஞ்சுபோச்சுன்னா வண்டி சும்மா நிக்கும்போது சொட்டுச் சொட்டா உள்ள இறங்கும். கிளப்புனதும் எரியும், நீலமா வரும். இறங்குனது எரிஞ்சு தீந்ததும் நின்னுடும்.” அண்ணி அவன் முகத்தைப் பார்த்தாள். “ராத்திரி பூரா நிறுத்தி வைக்கச் சொல்றாரே உங்காளு, எதுக்குன்னு இப்பப் புரியுதா?”

பயணம் தலையைச் சொறிந்தான். புகையாருக்கே சீல் விஷயம் தெரியுமா என்று கேட்டான். தெரிந்திருக்காது என்றாள் அண்ணி. ராத்திரி முழுக்க நின்றால் புகை நிறைய வருகிறது என்பதுமட்டும் தெரியும்; பிழைக்க அதுவே போதும்.

சீல் மாற்றுவது பொறுமையான வேலை. எந்த வால்வைப் பிரிக்கிறாளோ அதற்குக் கீழே உள்ள பிஸ்டனை முதலில் உச்சிக்குக் கொண்டுவந்தாள். இல்லாவிட்டால் காம்பின் பூட்டை எடுத்ததும் வால்வு உள்ளே விழுந்துவிடும். அப்புறம் இன்ஜின் தலையையே கழற்ற வேண்டும். ஸ்பிரிங்கை அமுக்கியால் அமுக்கி, காம்பைப் பிடித்திருக்கும் இரண்டு குட்டிப் பூட்டுகளையும் காந்தத்தால் எடுத்தாள். ஸ்பிரிங் வெளியே வந்தது. காம்பைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். ஆட்டம் பெரிதாக இல்லை, காம்பு ஓடும் துளை தேயவில்லை, பிழைத்தாய் என்றாள். பழைய தொப்பியைக் குறடால் இழுத்ததும் அது ரப்பர் போலவே வரவில்லை. ஓடு மாதிரி கறுத்து, உடைந்து வந்தது. ஒரு தகர டப்பாவில் போட்டாள். டக் என்று சத்தம் கேட்டது.

புதுத் தொப்பியை மாட்டும் முன் காம்பின் நுனியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையை மாட்டினாள். நுனியில் பூட்டுக்கான வரிப்பள்ளம் இருக்கிறது. அதன் விளிம்பு பிளேடு மாதிரி. உறை இல்லாமல் இறக்கினால் புதுத் தொப்பியின் உதடு கிழிந்துவிடும். “ஒண்ணு கிழிஞ்சாலும் போதும். நாளைக்கு ஒரு குப்பு வரும். உங்காளுக்கு ஒரு குப்பு போதும்.”

ஏழு வரை அவள் மாட்டினாள். எட்டாவதை அவனை மாட்டச் சொன்னாள். ஏழு தடவை பார்த்தவனுக்குத் தெரிய வேண்டாமா என்று அவள் கணக்கு. பயணம் தொப்பியை எடுத்தான். தொப்பி பாதி இறங்கியதும் உறை லேசாக வழுக்கினாற்போல் இருந்தது. அல்லது வழுக்கவில்லையோ. அண்ணி அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு ஸ்பிரிங்கைப் போட்டு மூடினான்.

வால்வு இடைவெளிகளைச் சரிபார்த்து, புது கேஸ்கெட் வைத்து மூடியதும், வண்டியை ஊருக்கு வெளியே கொண்டுபோய் ஒரு மணி நேரம் ஓட்டு என்றாள். சைலன்சர் குழாயில் ஏற்கெனவே தங்கியிருக்கும் எண்ணெய் எரிந்து தீர வேண்டும். பயணம் ஓட்டினான். முதலில் புகைந்தது, பிறகு குறைந்தது, பிறகு இல்லை. சாயங்காலம் புகையாரின் விதிப்படி தங்கை வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். அன்று அவன் தூங்கவில்லை. அந்த எட்டாவது தொப்பி அவன் நெஞ்சில் சொட்டிக்கொண்டே இருந்தது.

காலையில் தெரு நிறைந்துவிட்டது. மாடி ஜன்னல்களில் தலைகள். சைக்கிளை நிறுத்திவிட்டு பால்காரர். மோதிரம் தொலைத்த வீட்டு அம்மாள் முன்வரிசையில், நல்ல இடமாகப் பிடித்துக்கொண்டு. புகையார் வந்தார். எல்லோரையும் நிறுத்தினார். மூத்தவரை ஓரமாக, அவர் மனைவியை இன்னும் ஓரமாக. தையல்காரியைத் தொடாமல் விரலாலேயே சைகை காட்டி வரவழைத்து, சைலன்சருக்கு இரண்டடி எதிரே நிறுத்தினார். பிறகு துணியைக் கட்டிக்கொண்டு முன்னால் போய்த் திரும்பி நின்றார்.

ஒரு தட்டல். இரண்டு. மூன்று.

பயணம் சாவியைத் திருப்பினான். இன்ஜின் இரண்டு தடவை கனைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டது. அவன் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தான். தங்கை தெரிந்தாள். அவளுக்குப் பின்னால் சுவர் தெரிந்தது. சுவரில் இருந்த விரிசல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

கூட்டம் வாயடைத்து நின்றது. வழக்கமாக இந்த இடத்தில் ‘ஆ’ என்று ஒரு சத்தம் வரும். இன்று நிசப்தம். பயபக்தி முற்றிவிட்டது என்று புகையார் எடுத்துக்கொண்டார்.

“வந்துட்டாங்க” என்றார் நடுங்கும் குரலில். “அம்மா வந்துட்டாங்க. இவ்வளவு புகை நான் பார்த்ததே இல்ல.”

மூத்தவர் லேசாக இருமினார். புகையாருக்குக் கேட்கவில்லை. பலமாக இருமினார்.

“பாருங்க, பெத்த பிள்ளைக்கே மூச்சு முட்டுது” என்றார் புகையார்.

மூத்தவர் சட்டென்று இருமலை விழுங்கினார். அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து அண்ணி பணிவாக ஒரு கேள்வி கேட்டாள்.

“ஐயா, என்ன நிறம் ஐயா?”

“நீலம்மா. கருநீலம்.”

“எவ்வளவு உயரம் இருக்கும்?”

“ஆள் உயரத்துக்கு நிக்குது.”

“இப்ப எங்க ஐயா இருக்கு?”

“இளைய மருமக கால்ல சுத்திக்கிச்சு. ஏறுது. இதோ நெஞ்சுக்கு வந்துடுச்சு. அம்மா, உன் கோபம் புரியுது அம்மா.”

முதலில் சிரித்தது பால்காரர். அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. பிறகு மாடி ஜன்னல்கள் சிரித்தன. பிறகு தெரு. சிரிப்பு என்பது புகையாரின் தொழிலில் கேட்டறியாத ஒலி. துணியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். சுத்தமான காற்று. அதில் வெயில்.

அவருக்கு மூளை உண்டு, ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டு நொடியில் சமாளித்தார். “அம்மா சாந்தி அடைஞ்சுட்டாங்க. அதனால இன்னைக்கு வரல.”

“வரலையா?” என்றாள் அண்ணி. “இப்பதானே நெஞ்சு வரைக்கும் ஏறுச்சு. எறங்கிட்டாங்களா?”

அண்ணி தகர டப்பாவைத் திறந்து அவர் உள்ளங்கையில் கவிழ்த்தாள். உடைந்த எட்டுத் தொப்பிகள். ரெண்டு வருஷமா இந்த ஊர்ல போன உயிரெல்லாம் இதுதான், நேத்து நானே கழட்டினேன் என்றாள். எப்படிச் சொட்டும், எப்படி எரியும் என்பதையும் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். மோதிரம் தொலைத்த அம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லப் பின்வரிசைக்கு நகர்ந்தாள். புகையார் வந்த வழியைப் பார்த்தார். பால்காரரின் சைக்கிள் குறுக்கே நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு போவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. மூத்தவர் எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

இத்துடன் எல்லோருக்கும் புத்தி வந்து வீட்டுக்குப் போனார்கள் என்று எழுத ஆசைதான்.

பக்கத்து வீட்டுப் பெண்மணி, பத்து நாளாக மாத்திரைக் கதையை வாசலுக்கு வாசல் கொண்டுபோனவள், கண்ணீரோடு ஓடி வந்து தையல்காரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். புகை உன்னைத் தொடவே இல்லை, நீ உத்தமி, உன் வாயால் எங்களை வாழ்த்து என்றாள். இன்னும் நாலு பேர் பின்னால் வரிசை கட்டினார்கள். ஒருவர் அந்த ரப்பரில் ஒன்று கிடைக்குமா, நிலைப்படியில் கட்டலாம் என்று அண்ணியிடம் கேட்டார்.

பயணம் வண்டியிலிருந்து இறங்கி வந்தான். எட்டாவது தொப்பி கிழியவில்லை என்ற நிம்மதியில் அவனுக்கு அழுகை வந்தது. தங்கை மட்டும் அழவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் பிடியிலிருந்து கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

“ரெண்டு வருஷம் என் ஜன்னலைத் தாண்டித்தானே அக்கா தினமும் போனீங்க. நான் அத்தையைத் துடைச்சதைப் பாத்தீங்க, மருந்து குடுத்ததைப் பாத்தீங்க. டாக்டர் எழுதினதையும் படிச்சீங்க. அதெல்லாம் பத்தல, புகையைக் கேட்டீங்க. இப்பப் புகை வரலைன்னு வாழ்த்தச் சொல்றீங்க.”

 தையல்காரி வண்டியை ஒருமுறை பார்த்தாள்.

“நாளைக்கு இதுல வேற ஏதாவது தேயும். மறுபடியும் புகை வரும். அப்ப நான் யாருன்னு இப்பவே யோசிச்சு வச்சுக்குங்க. இன்ஜின் ரொம்பப் பழசு.”